உதவி: 'ஒன்' பாட்டில் பேஸ் கிட்டார் சேர்த்தால் போகப்போக விலகுகிறது

நான்குதந்தி: மெட்டாலிகா மெட்டல் இசைக்குழுவின் '...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' ஆல்பத்தில் பேஸ் கேட்காதது எல்லாருக்கும் தெரியும். அதிலுள்ள 'ஒன்' பாட்டுக்குப் பேஸ் டிராக்கைத் தனியாக எடுத்துச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். ஆரம்பத்தில் கச்சிதமாக இருக்கிறது, நாலரை நிமிடத்தில் துப்பாக்கி சுடுவதுபோல் மெஷின்கன் டிரம்ஸ் வரும்போது பேஸ் முந்தி ஓடுகிறது. என்ன செய்வது? அவசரம்.

டேப்ஹெட்: எந்த மென்பொருள்? பேஸ் எங்கே கிடைத்தது?

ரீவெர்ப்_ராணி: ஆல்பம் எதிலிருந்து எடுத்தீர்கள் ப்ரோ? அதைச் சொல்லாமல் யாரும் எதுவும் சொல்ல முடியாது.

கிக்_டிரம்: சாம்பிள் ரேட்தான், அதாவது ஒரு நொடி ஒலியை எத்தனை துண்டாகப் பதிகிறோம் என்பது. 44100, 48000 கலந்திருக்கும். எனக்கு எப்போதும் இதுதான் நடக்கும்.

டேப்ஹெட்: அது என்றால் முதல் நொடியிலேயே தெரிந்துவிடும். வேகம் 9 சதவீதம் மாறும், ஸ்ருதியும் ஒன்றரை செமிடோன் (அரைச்சுரம்) தள்ளிப் போகும். இவருக்கு ஆரம்பம் சரியாக இருக்கிறதே.

பழைய_ரீல்: தம்பிகளா, 1988இல் வந்த ஆல்பத்தை அவர்கள் வேண்டுமென்றே அப்படி மிக்ஸ் செய்தார்கள். 2018 மறுவெளியீட்டிலும் அதைத் தொடவில்லை. இசைக்குழு தொடாததை நீங்கள் ஏதோ ஒரு மென்பொருளில் தொடுகிறீர்கள். முதலில் பாட்டைக் கேட்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

ரீவெர்ப்_ராணி: வேண்டுமென்றே என்றால் யார் வேண்டினார்கள் சார்? மிக்ஸ் செய்த ஸ்டீவ் தாம்சனே, டிரம்மர் லார்ஸ் உல்ரிக் பேஸைக் குறைக்கச் சொன்னார் என்று பேட்டி கொடுத்திருக்கிறார். பேஸ் டிராக்குகள் பிரமாதம் என்று தயாரிப்பாளர் ஃபிளெமிங் ராஸ்முசென் சொல்கிறார். பேஸ் வாசித்த ஜேசன் நியூஸ்டெட் என்ன பாவம் செய்தார்?

கிக்_டிரம்: முந்தைய பேஸ் வாசிப்பாளர் கிளிஃப் பர்ட்டன் 1986இல் விபத்தில் போனபிறகு அவர் இடத்துக்கு வந்தவர், அந்தக் கோபம்தான். வேறென்ன.

பழைய_ரீல்: கோபம் ஒன்றும் இல்லை. ஹெட்ஃபீல்டின் கிட்டார் வாசிப்பதையே பேஸும் வாசிக்கிறது. கிட்டாரில் அடிச்சத்தம் அவ்வளவு இருக்கும்போது பேஸ் அதற்குள் முங்கிப்போகத்தான் செய்யும். அதற்குக் கண்ணீர்க்கதை எதற்கு?

ரீவெர்ப்_ராணி: தானாக முங்கியது வேறு, பிடித்து முக்கியது வேறு.

நான்குதந்தி: பேஸ், 'கிட்டார் ஹீரோ' வீடியோ கேமிலிருந்து எடுத்தது. மென்பொருள் ரீப்பர். ஆல்பம் மாமா வீட்டு இரட்டை எல்பி இசைத்தட்டிலிருந்து பதிவு செய்தேன்.

டேப்ஹெட்: எல்பியா! இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். நாலரை நிமிடத்தில் எவ்வளவு விலகல், பாட்டின் கடைசியில் எவ்வளவு? அளந்து சொல்லுங்கள்.

நான்குதந்தி: முக்கால் நொடி. கடைசியில் 1.2.

டேப்ஹெட்: இரண்டும் ஏறக்குறைய 0.27 சதவீதம். விலகல் சீராக ஏறுகிறது, ஆகவே தட்டைச் சுற்றும் டர்ன்டேபிள் கொஞ்சம் மெதுவாக ஓடுகிறது. வேறு பதிவிலிருந்து வெட்டி ஒட்டிய பேஸ் என்றால் ஓரிடத்தில் திடீரென்று குதித்திருக்கும். டெம்போவை மட்டும் மாற்றாதீர்கள். மெதுவாக ஓடிய தட்டில் ஸ்ருதியும் இறங்கியிருக்கும், ஏறக்குறைய 5 சென்ட் (ஒரு செமிடோனில் நூறில் ஐந்து பங்கு). எல்பி பதிவின் வேகத்தையே 0.27 சதவீதம் கூட்டுங்கள், இரண்டும் சேர்ந்து சரியாகும். சிடி கிடைத்தால் இந்த வேலையே வேண்டாம்.

கிக்_டிரம்: சாம்பிள் ரேட்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ரீவெர்ப்_ராணி: ஒட்டியபிறகு பேஸ் மெலிந்தால் போலாரிட்டியை, அதாவது ஒலி அலையைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். கீழ் ஈ தந்தி 41 ஹெர்ட்ஸ், 12 மில்லிநொடி தள்ளியிருந்தாலே ஆல்பத்தில் இருக்கும் பேஸும் உங்கள் பேஸும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும்.

பழைய_ரீல்: ஆல்பத்தில்தான் பேஸே இல்லை என்கிறீர்கள், இல்லாத பேஸ் எதை வெட்டும்?

ரீவெர்ப்_ராணி: சார், இல்லை என்று சொல்லவில்லை, கேட்கவில்லை என்றுதான் சொன்னோம்.

நான்குதந்தி: நண்பனிடம் சிடி வாங்கினேன். ஒட்டிவிட்டது. நன்றி.

டேப்ஹெட்: போலாரிட்டி திருப்ப வேண்டி வந்ததா?

கிக்_டிரம்: ஆள் போய்விட்டார். சரி, சிடி 44100தானே?