பாட் செத்ததும் லாக்கும் கூடவே போயிடுச்சா? உங்களுக்கு நடந்ததை எழுதுங்க (பாட்னா சர்வர்ல கண்டெய்னர் ஓடுற கூடு; லாக்னா ப்ரோக்ராம் தான் செய்யறதை எழுதி வைக்கிற பதிவு)

திருவொற்றியூரிலிருந்து:

எங்க பக்கம் கண்டெய்னர்னா எண்ணூர் விரைவுச்சாலையில வரிசை கட்டி நிக்கிற டிரெய்லர் மேல இருக்கிற பெட்டிதான். அந்த டிரெய்லருங்க யார்டுக்குள்ள நுழைய டோக்கன் போடுற சாஃப்ட்வேர்ல நான் வேலை பார்க்கிறேன். அதுவும் கண்டெய்னர்லதான் ஓடுது, ஆனா இது ப்ரோக்ராமை அதுக்கு வேண்டியதோட சேர்த்து அடைச்சு வைக்கிற சாஃப்ட்வேர் பெட்டி. இதுங்களை நிர்வகிக்கிற குபெர்னெடிஸ் மேல ஓடுது.

ஒரு ராத்திரி ரெண்டு மணிக்கு போன். டோக்கன் வரல, வண்டிங்க ரோட்டுல நிக்குதுன்னாங்க. லேப்டாப்பைத் திறந்தா பாட் நல்லாத்தான் ஓடிட்டு இருக்கு. ஆனா ரீஸ்டார்ட் எண்ணிக்கை 6. எக்ஸிட் கோடு (ப்ரோக்ராம் முடியறப்ப விட்டுட்டுப் போற நம்பர்) 137, மெமரி வரம்பைத் தாண்டினதால ஆபரேட்டிங் சிஸ்டத்தோட கர்னல் கொன்னுருக்கு. ஏன் தாண்டுச்சு? அதுக்கு லாக் வேணும். நாங்க லாக்கை கண்டெய்னருக்குள்ளயே ஒரு ஃபைல்ல எழுதிட்டு இருந்தோம். கண்டெய்னர் செத்து புதுசு வந்ததும் அந்த ஃபைல் இல்லை. குபெர்னெடிஸ் கமாண்டான குப்சிடிஎல் லாக்ஸ்ல, முன்னாடி செத்த கண்டெய்னரோட லாக்கைக் காட்டுற ப்ரீவியஸ் போட்டுப் பார்த்தேன். ஸ்டேண்டர்ட் அவுட்புட், ஸ்டேண்டர்ட் எரர்ங்கிற ரெண்டு வழியில (ப்ரோக்ராம் திரைக்கு எழுதுற வழிங்க) போனது மட்டும்தான் அதுல வரும், எங்களோடது ஆரம்பிக்கிறப்ப வர்ற மூணு வரி.

அப்பா துறைமுகத்துல சரக்கைக் கணக்கெடுத்து எழுதுற டேலி கிளார்க்கா இருந்து ரிட்டையர் ஆனவரு. தண்ணி குடிக்க எழுந்தவரு என்னடான்னு கேட்டாரு. சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு, "பொட்டி போனா போவட்டும்டா, கேட்ல எழுதுன புக்கு எங்க?"ன்னாரு. கையில கிடைச்ச பால் கார்டைத் திருப்பி பின்னாடி கோடு போட்டுக் காட்டினாரு: பெட்டி நம்பர், சீல் நம்பர், வண்டி நம்பர், நேரம். "பொட்டிக்குள்ள புக்கை வெச்சு அனுப்புவாங்களா?"

அடுத்த வாரமே எல்லா லாக்கையும் ஸ்டேண்டர்ட் அவுட்புட்டுக்கு மாத்தினோம். ஒவ்வொரு நோடுலயும், அதாவது பாட் ஓடுற ஒவ்வொரு மெஷின்லயும், ஃப்ளூயன்ட் பிட்னு லாக் சேகரிக்கிற ஒரு ப்ரோக்ராம் வெச்சு, அது அப்பப்ப எடுத்து வெளியில அனுப்பிடும். பாட் டெலீட் ஆனா ப்ரீவியஸும் கிடைக்காது, அதனால வெளியில போயே ஆகணும்.

அதோட முடியல. ரெண்டாவது தடவை பாட் விழுந்தப்பவும் கடைசி வரிங்க காணோம். பைத்தான் மொழில பிரின்ட் போட்டா, டெர்மினல் இல்லாத இடத்துல உடனே எழுதாது, பஃபர்ங்கிற தற்காலிக இடத்துல சேர்த்து வெச்சுத்தான் தள்ளும். 137ல சாகிற ப்ரோசஸுக்கு அதைத் தள்ள நேரமே கிடைக்காது. நமக்கு வேண்டியது அந்தக் கடைசி வரிதான். பைத்தான் அன்பஃபர்ட்னு ஒரு என்விரான்மென்ட் மாறி இருக்கு, அதை 1ன்னு வெச்சதும் சரியாச்சு. உங்க டாக்கர்ஃபைல்ல (கண்டெய்னரை எப்படி உருவாக்கணும்னு எழுதுற ஃபைல்) அது இருக்கான்னு இப்பவே பாருங்க.

காசிமேட்டிலிருந்து:

எனக்கு நேர் எதிரா நடந்துச்சு அண்ணா. லாக் தொலையல, நிறைஞ்சு வழிஞ்சுது.

மீன் ஏலத்துக்கு பில் போடுற சின்ன அப்ளிகேஷன். ஒரே ஒரு கிளவுட் மெஷின், மேல கண்டெய்னரை ஓட்டுற டாக்கர், 40 ஜிபி டிஸ்க். விடியக்காலை மூணரைக்கு, போட்டுலருந்து கூடை இறங்குற நேரத்துல பில் நின்னுபோச்சு. ஏலம் ஒரு நிமிஷம் நின்னா மீன்காரம்மாங்க சும்மா விடமாட்டாங்க, அவங்க கோபம் நியாயமும்கூட. ஐஸ் உருகிட்டே இருக்குல்ல. டிஸ்க் 100 சதவீதம். டாக்கர் லாக்கை எழுதி வைக்க தானா வெச்சிருக்கிற முறை (லாக் டிரைவர்) ஜேசன்-ஃபைல். அதுக்கு நாம அளவு சொல்லலன்னா வளர்ந்துட்டே இருக்கும். எங்க கண்டெய்னர் ஒண்ணோட லாக் ஃபைல் மட்டுமே 31 ஜிபி.

அவசரத்துல அந்த ஃபைலை அழிச்சிட்டேன். டிஸ்க் எவ்வளவு நிறைஞ்சிருக்குன்னு காட்டுற டிஎஃப் கமாண்ட் போட்டா அப்பவும் 100. டாக்கர் அந்த ஃபைலைத் திறந்து வெச்சுட்டு இருக்கிற வரைக்கும் பேர்தான் போகும், இடம் திரும்பாது. கண்டெய்னரை ரீஸ்டார்ட் பண்ணினப்பதான் டிஸ்க் மூச்சு விட்டுச்சு. அழிக்காம ட்ரன்கேட் கமாண்ட் போட்டு சைஸை 0 ஆக்கியிருந்தா பில் இன்னும் சீக்கிரம் வந்திருக்கும்.

அப்புறம் டாக்கரோட செட்டிங் ஃபைலான டீமன் ஜேசன்ல மேக்ஸ்-சைஸ் 10 எம்பி, மேக்ஸ்-ஃபைல் 3ன்னு போட்டு டாக்கரை ரீஸ்டார்ட் பண்ணினேன். ஒரு வாரம் கழிச்சுப் பார்த்தா பழையபடி வளர்ந்திருக்கு! அந்த செட்டிங் புதுசா உருவாகிற கண்டெய்னருக்குத்தான். ஏற்கெனவே இருக்கிறதை எடுத்துட்டு மறுபடி உருவாக்கணும். இதை யாரும் எனக்குச் சொல்லல, அதான் இங்க எழுதுறேன்.

பெரம்பூரிலிருந்து:

நேரம் பத்தி ஒண்ணு. கஸ்டமர் காலையில 9.40க்குப் பணம் போகலன்னு சொன்னாரு. 9.40 லாக்கை ரெண்டு மணி நேரம் தேடினேன், ஒண்ணுமே இல்லை. கண்டெய்னர் யுடிசில (நம்ம நேரத்துக்கு அஞ்சரை மணி நேரம் பின்னாடி இருக்கிற உலகப் பொது நேரம்) ஓடுது, தேட வேண்டியது 4.10. லாக்ல யுடிசியே இருக்கட்டும், ஆனா பக்கத்துல அது யுடிசின்னு எழுதியிருக்கணும். 2022 ஏப்ரல் 28ல, இணையப் பாதுகாப்பைப் பார்க்கிற மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவுலயும் சர்வர் கடிகாரத்தை என்ஐசி (தேசிய தகவலியல் மையம்) இல்லன்னா என்பிஎல் (தேசிய இயற்பியல் ஆய்வகம்) நேரத்தோட ஒத்துப்போக வைக்கச் சொல்லியிருக்கு.

வியாசர்பாடியிலிருந்து:

திருவொற்றியூர் அண்ணா லாக்கை வெளியில அனுப்பணும்னு சொன்னது சரி. ஆனா அனுப்புறதுக்கு முன்னாடி உள்ள என்ன இருக்குன்னு பார்த்துடுங்க.

நான் ஒரு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் அனுப்புற சிஸ்டத்துல இருந்தேன். ஒரு தப்பைப் பிடிக்க எல்லாத்தையும் விவரமா லாக்ல எழுதுற டீபக் லெவலைத் திறந்துவிட்டோம், மூடலை. ஒரு நாள் வேற எதையோ தேடினப்ப திரையில ஒரு வரி: போன் நம்பர், வயசு, ஓடிபி, சுகர் அளவு, எல்லாம் அப்படியே. எங்க அம்மா வயசு. அந்தம்மா யாருன்னு எனக்குத் தெரியாது, ஆனா அவங்க சுகர் எனக்குத் தெரிஞ்சுபோச்சு. லாக்கைத் திறக்கிற பதினஞ்சு பேருக்கும் அதேதான். எனக்கு கை நடுங்கிடுச்சு.

இப்ப நம்பர்ல கடைசி ரெண்டு இலக்கம் தவிர மத்தது மறையும். ஓடிபி லாக்குக்கே வராது. மறைக்கிற வேலை அப்ளிகேஷனுக்குள்ளயே நடக்கணும், லாக்கை அனுப்புற ஃப்ளூயன்ட் பிட் மாதிரி ஏஜென்ட்டை நம்பி விடக்கூடாது.

காசு விஷயமும் இருக்கு. எங்க கிளவுட்ல லாக் குரூப்பை (லாக்கைச் சேர்த்து வைக்கிற தொகுப்பு) எத்தனை நாள் வெச்சிருக்கணும்னு நாம சொல்லலன்னா எப்பவுமே அழியாது, வாடகை ஏறிட்டே போகும். அதுக்காக ஒரே வாரத்துல அழிச்சிடவும் முடியாது, செர்ட்-இன் 180 நாள் வெச்சிருக்கச் சொல்லுது. நாங்க 14 நாள் தேடுற இடத்துல வெச்சுட்டு, மிச்சத்தை விலை குறைஞ்ச ஸ்டோரேஜுக்குத் தள்ளிடுறோம்.

திருவொற்றியூரிலிருந்து:

வியாசர்பாடி தங்கச்சி சொன்னதைப் படிச்சதும் எங்க லாக்கைத் தேடினேன். டிரைவருங்களோட லைசென்ஸ் நம்பர் முழுசா இருக்கு. நாளைக்கே எடுத்துடுறேன்.

மூணாவது தடவை விழுந்த கதையைச் சொல்லாம விட்டுட்டேன். அப்ப கடைசி வரி பத்திரமா வெளியில இருந்துச்சு: "மேனிஃபெஸ்ட் படிக்கிறேன், 412 எம்பி." எங்க மெமரி வரம்பு 512 எம்பி. கப்பல் கம்பெனி அனுப்புற மேனிஃபெஸ்டை, அதாவது சரக்குப் பட்டியல் ஃபைலை, மொத்தமா மெமரிக்குள்ள இழுத்திருக்கோம். வரி வரியா படிக்கிற மாதிரி மாத்தினோம், அதுக்கப்புறம் 137 வரல.

அந்த வரியை அப்பாகிட்ட காட்டினேன். கண்ணாடி போட்டு ரெண்டு தரம் படிச்சாரு. "எந்தப் பொட்டின்னு நம்பர் இல்லியேடா"ன்னாரு. டோக்கன் கேட்டு வர்ற ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் ஒரு நம்பர் கொடுத்து, அது போற நாலு சர்வீஸோட லாக்லயும் அதே நம்பர் வர்ற மாதிரி இப்ப எழுதிட்டு இருக்கேன். ரெண்டு சர்வீஸ் முடிஞ்சுது.