கன்கஷன் (தலையில் அடிபட்டு மூளை அதிர்வது) ஆகி மூன்று மாதம்: ஸ்கேன் நார்மல், தூக்கமும் மனசும் சரியில்லை

பிசியோ_திருச்சி:
வணக்கம். பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவர்கள் கழுத்து வலிக்கும் தலைசுற்றலுக்கும் பிசியோதெரபிக்கு வருகிறார்கள். அவை தேறிவிடுகின்றன. மூன்று நான்கு மாதம் கழித்தும் விடாமல் நிற்பது வேறு: நள்ளிரவு தாண்டியும் தூக்கம் வராது, பகலெல்லாம் அசதி, மிக்ஸி சத்தத்துக்கே எரிந்து விழுவது, திடீர் அழுகை. சி.டி. ஸ்கேன் நார்மல் என்றதும் வீட்டில் "வேலைக்குப் போகாமல் இருக்க சாக்கு" என்கிறார்கள். பலர் கையில் அல்பிரஸோலமும் (பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் தரும் மாத்திரை) சிட்டிகோலினும் (மூளை நரம்புக்கென்று தரும் மாத்திரை) இருக்கின்றன. எதை முதலில் பிடிப்பது, தூக்கமா மனசா?

தூக்கப்பிரிவு:
தூக்கத்தைப் பிடியுங்கள். அது சரியில்லாதபோது தலைவலி, மறதி, கோபம் மூன்றும் ஏறும்.

முதலில் வீட்டாரிடம் ஒன்றைச் சொல்லுங்கள்: சி.டி. ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் காட்டும். மூளைக்குள் நரம்பிழைகள் இழுபட்டதைக் காட்டாது. சாக்கு என்ற பேச்சு நின்றாலே நோயாளிக்குப் பாதி பாரம் குறையும்.

அடிபட்ட முதல் ஓரிரு வாரம் கூடுதலாகத் தூங்குவது இயல்பு. அதற்குப் பிறகும் இருட்டறையில் படுத்தே கிடப்பதுதான் கெடுக்கிறது. முழு ஓய்வு முதல் 48 மணி நேரத்துக்கு மேல் தேவையில்லை.

இரண்டு வாரம் தூக்கக் குறிப்பு எழுதச் சொல்லுங்கள். இரவு 10 முதல் காலை 7 வரை படுக்கையில் இருந்து 6 மணி நேரமே தூங்குகிறார் என்று வையுங்கள். படுக்கை நேரத்தை 11.30 முதல் 6 வரை சுருக்குங்கள். எழும் நேரம் ஞாயிற்றுக்கிழமையும் மாறக் கூடாது. படுத்த நேரத்தில் 85 சதவீதம் தூங்கத் தொடங்கியதும் வாரத்துக்கு 15 நிமிடம் கூட்டுங்கள். சுமார் 20 நிமிடம் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறிடத்தில் உட்கார்ந்து, கண் சொருகும்போது திரும்பிப் படுக்க வேண்டும். எழுந்ததும் அரை மணி நேரம் வெளி வெளிச்சம். மதியத்துக்குப் பிறகு காபி, டீ வேண்டாம். பகல் தூக்கம் 3 மணிக்கு முன், 30 நிமிடத்துக்குள்.

இதில் தவறுவது எங்கே என்றால், முதல் வாரம் அசதி கூடும். "எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று அங்கேயே விட்டுவிடுவார்கள். முன்பே சொல்லி வையுங்கள். அந்த வாரம் வண்டி ஓட்டக் கூடாது. வலிப்பு, இருதுருவ மனநோய் (பைபோலார்) உள்ளவர்களுக்கு இந்தச் சுருக்கும் முறை வேண்டாம்.

மனநலம்_கோவை:
தூக்கம் முக்கியம்தான், ஆனால் "தூக்கம் சரியானால் மனசு தானாகச் சரியாகும்" என்று காத்திருப்பதை நான் ஏற்கவில்லை. அமெரிக்காவில் டிராக்-டிபிஐ ஆய்வு (2019) லேசான தலைக்காயம் பட்டவர்களை ஆறாவது மாதத்தில் பார்த்தது. ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வோ, விபத்துக்குப் பிந்தைய மன அதிர்ச்சியோ இருந்தது. தலையில் அடிபடாமல் கை கால் எலும்பு மட்டும் காயப்பட்டவர்களில் அது சுமார் 12 சதவீதம். முன்பே மனநலப் பிரச்சினை இருந்தவர்களுக்கும், அடிதடியில் காயப்பட்டவர்களுக்கும் ஆபத்து அதிகம்.

ஆகவே முதல் சந்திப்பிலேயே பி.எச்.க்யூ-9 என்ற, மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்வித் தாளைக் கொடுங்கள். ஐந்து நிமிட வேலை. மதிப்பெண் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள். தற்கொலை பற்றிய ஒன்பதாவது கேள்வியைத் தாண்டிப் போகாதீர்கள், நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது. அரசின் இலவச மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416-ஐ 24 மணி நேரமும் அழைக்கலாம்.

விபத்துக் கனவு கண்டு விழிப்பவர், அந்தச் சாலையையே தவிர்ப்பவர் என்றால் தூக்க அட்டவணை மட்டும் போதாது. மன அதிர்ச்சிக்கான சிகிச்சையும் சேர வேண்டும்.

நரம்பியல்_மதுரை:
மருந்துப் பக்கம். அல்பிரஸோலம் ஞாபகத்தையும் நடை நிதானத்தையும் மேலும் கெடுக்கும், பழக்கமும் ஆகிவிடும். ஆனால் தினமும் வாரக்கணக்கில் எடுத்தவரை ஒரே நாளில் நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள், வலிப்பு வரலாம். எழுதிக் கொடுத்த மருத்துவரே படிப்படியாகக் குறைக்கட்டும். சிட்டிகோலினை 1,200-க்கும் மேற்பட்ட தலைக்காய நோயாளிகளிடம் 90 நாள் சோதித்தார்கள் (2012). பலனில்லை.

வலி மாத்திரை மாதத்தில் 15 நாளைத் தாண்டினால் மாத்திரையே தலைவலியைத் தரலாம். அதையும் எண்ணுங்கள். குறட்டை, மூச்சுத் திணறி விழிப்பது இருந்தால் தூக்க ஆய்வுக்கு அனுப்ப வேண்டும்.

உங்கள் கையில் இருக்கும் நல்ல மருந்து நடை. தினமும் 20 நிமிட வேகநடை. நடக்கும்போது தலைவலி போன்ற அறிகுறி, பத்துப் புள்ளி அளவில் இரண்டு புள்ளிவரை கூடி, ஒரு மணி நேரத்துக்குள் தணிந்தால் பரவாயில்லை. அதைத் தாண்டினால் வேகத்தைக் குறையுங்கள்.

நாளுக்கு நாள் கூடும் தலைவலி, வாந்தி, ஒரு பக்கம் பலவீனம், குழப்பம் இருந்தால், குறிப்பாக வயதானவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் என்றால், பழைய சி.டி.யை நம்பாமல் உடனே புதிதாக எடுக்க வேண்டும். கசிவு வாரங்கள் கழித்தும் சேரும்.

பிசியோ_திருச்சி:
நன்றி. நைட் ஷிஃப்ட் ஆட்களுக்கு எழும் நேரத்தை எப்படி நிலைநிறுத்துவது?

தூக்கப்பிரிவு:
முடியாது. ஷிஃப்ட் மாறினால் இந்த முறை நிற்காது. தேறும் வரை பகல் ஷிஃப்ட் மட்டும், முதலில் அரை நாள் வேலை என்று மருத்துவரிடம் சான்றிதழ் வாங்கித் தரச் சொல்லுங்கள்.