‘வேலாயுதம் வீடு’ குழு: வெள்ளிக்கிழமை விமானம்

சரசு அத்தை: பெல்ஜியத்துக்கு விமானம் வெள்ளி காலை. வியாழன் ராத்திரியே திருவனந்தபுரம் கிளம்ப வேண்டும். யார் வண்டி எடுக்கிறீர்கள்?

முருகன் சித்தப்பா: என் வண்டிக்கு டயர் மாற்ற வேண்டும். அண்ணன் வண்டி சும்மாதானே நிற்கிறது.

ரேவதி சித்தி: மதினி, நார்த்தங்காய் ஊறுகாய் கட்டியாச்சு.

நித்யா: அம்மா, ஊறுகாயைக் கைப்பையில் வைக்காதே, பெட்டியில் போடு. ஞாயிற்றுக்கிழமை டெர்வூரன் போகலாம். பிரஸ்ஸல்ஸிலிருந்து டிராம் உண்டு. அழகான பூங்கா, ஆப்பிரிக்க அருங்காட்சியகம்.

சுந்தரம் பெரியப்பா: டெர்வூரனா? சரசு, கட்டடத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதே. 1897-ல் பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டு காங்கோவிலிருந்து 267 பேரைக் கப்பலில் கொண்டுவந்து, அந்தப் பூங்காவில் குடிசை போட்டுக் கூட்டத்துக்கு வேடிக்கை காட்டினார். 7 பேர் நோயில் இறந்தார்கள். அவர்கள் கல்லறை அங்கே தேவாலயத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அவசியம் பாருங்கள்.

கவின்: பெல்ஜியம் கேரளாவைவிடச் சின்னது. அதற்கு எதற்கு பெரியப்பா காங்கோ?

சுந்தரம் பெரியப்பா: நல்ல கேள்வி. பெல்ஜியமே 1830-ல்தான் நெதர்லாந்திலிருந்து பிரிந்தது. இத்தாலி 1861, ஜெர்மனி 1871. புது நாடுகள். கொடி, கீதம், பள்ளிப் பாடம் என்று தேசப் பெருமையை ஊட்டி வளர்த்த காலம் அது. அந்தப் பெருமை எல்லைக்குள் அடங்கவில்லை. அடுத்த நாட்டுக்குக் காலனி இருந்தால் நமக்கும் வேண்டும் என்ற போட்டி வந்தது. பிரான்ஸ் அல்சாஸ், லொரேன் பகுதிகளை ஜெர்மனியிடம் பறிகொடுத்திருந்தது. அந்த ரோஷம் தன் பக்கம் திரும்பாமல் ஆப்பிரிக்கா பக்கம் போகட்டும் என்று நினைத்தவர் ஜெர்மன் சான்சலர் பிஸ்மார்க். 1884 நவம்பரில் பெர்லினில் 14 நாடுகளைக் கூட்டி, யார் எப்படி இடம் பிடிக்கலாம் என்று விதி போட்டார். ஓர் ஆப்பிரிக்கரைக்கூடக் கூப்பிடவில்லை.

முருகன் சித்தப்பா: ஆள் இல்லாமல் பங்கு பிரிப்பது நம் வீட்டிலும் நடந்ததுதான். நான் பம்பாயில் இருந்தபோதுதானே கீழ வயலை அளந்தீர்கள்.

சரசு அத்தை: தம்பி, அந்தப் பேச்சு இப்போது எதற்கு?

ரேவதி சித்தி: விடுங்கள்.

சுந்தரம் பெரியப்பா: முருகா, அதை நேரில் பேசுவோம். கவின், காங்கோவை பெல்ஜிய மக்கள் கேட்கவில்லை. மன்னருக்குத்தான் ஆசை. 1885 முதல் 1908 வரை அது அவருடைய சொந்தச் சொத்து மாதிரி. அங்கே ஒரு தடவைகூட அவர் கால் வைத்ததில்லை. 1888-ல் டன்லப் காற்றடைத்த டயர் செய்தார், ரப்பருக்குக் கிராக்கி ஏறிவிட்டது.

சரசு அத்தை: முருகா, டயரை வியாழனுக்குள் மாற்றிவிடுவாயா?

ரேவதி சித்தி: மலேயாவில் தாத்தா பால்மரம் வெட்டினாரே, அது மாதிரியா மாமா?

சுந்தரம் பெரியப்பா: இல்லையம்மா, இது காட்டுக் கொடி. வெட்டினால் வடியும் பாலை உடம்பில் பூசிக்கொண்டு, காய்ந்ததும் முடியோடு பிய்த்தெடுப்பார்கள். ஊருக்கு இவ்வளவு என்று கணக்கு. குறைந்தால் மன்னரின் சிப்பாய்கள் பெண்களைப் பிணையாகப் பிடிப்பார்கள், சுடுவார்கள். தோட்டா வீணாகவில்லை என்று காட்ட, செத்தவர் கையை வெட்டிக் கொண்டுபோவார்கள் சிப்பாய்கள். உயிரோடு இருந்தவர்கள் கையும் போனது. 1904-ல் ஆலிஸ் சீலி ஹாரிஸ் என்ற மிஷனரிப் பெண் எடுத்த படம் ஒன்று உண்டு. ன்சாலா என்ற தகப்பன் உட்கார்ந்து, 5 வயது மகளின் வெட்டப்பட்ட கையையும் பாதத்தையும் பார்த்துக்கொண்டிருக்கிறார். வகுப்பில் அதைக் காட்டினால் அன்று அதற்குமேல் பாடம் நடத்த என்னால் முடியாது.

நித்யா: மோரல் என்ற கப்பல் கம்பெனி எழுத்தர் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில்தான் இதைக் கண்டுபிடித்தார் மாமா. வரும் கப்பலில் ரப்பரும் தந்தமும். போகும் கப்பலில் பெரும்பாலும் துப்பாக்கி, தோட்டா. காசு கொடுத்து வாங்கவே இல்லை என்று கணக்கைப் பார்த்தே புரிந்துகொண்டார்.

சுந்தரம் பெரியப்பா: ஆமாம். அதன்பிறகு அவர் சும்மா இருக்கவில்லை. அவர் மாதிரி ஆட்கள் கத்தியதால்தான் 1908-ல் மன்னர் கையிலிருந்து காங்கோ போனது. போனது பெல்ஜிய அரசிடம். விடுதலைக்கு 1960 ஆயிற்று.

சரசு அத்தை: கேட்கவே முடியவில்லை அண்ணே. நித்யா, அந்தக் கல்லறைக்குப் பூ வாங்கிக்கொண்டு போவோம்.

நித்யா: சரி அம்மா.

முருகன் சித்தப்பா: டயர் நாளை பார்க்கிறேன். முடியாவிட்டால் டாக்சி.

ரேவதி சித்தி: டாக்சிக்கு இப்போதே சொல்லவா?

முருகன் சித்தப்பா: பொறு.

கவின்: எத்தியோப்பியா எப்படிக் காலனியாகாமல் தப்பியது பெரியப்பா?

சுந்தரம் பெரியப்பா: அட்வா போர், 1896. எத்தியோப்பிய மன்னர் மெனெலிக் இத்தாலிப் படையையே தோற்கடித்தார். நாளை வீட்டுக்கு வா, விவரமாகச் சொல்கிறேன். முருகா, நீயும் வா. வயல் பத்திரத்தை எடுத்து வைக்கிறேன்.

முருகன் சித்தப்பா: பார்க்கலாம்.