தமிழ் எஸ்எம்எஸ் மட்டும் டிஎல்டியில் அடிபடுகிறது, வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

ஈரோட்டில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபுக்கு பில்லிங் மென்பொருள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பிஎச்பி 8.1, மைஎஸ்க்யூஎல். ரிப்போர்ட் தயாரானதும் எஸ்எம்எஸ் போக வேண்டும். நிறுவனங்கள் அனுப்பும் செய்தியின் வாசகத்தை (டெம்ப்ளேட்) டிஎல்டி போர்ட்டலில் முன்பே பதிய வேண்டும்; அனுப்புவது அதோடு பொருந்தாவிட்டால் போகாது. ஆங்கிலச் செய்தி சிக்கலில்லாமல் போகிறது. தமிழ்ச் செய்தி மூன்று வாரமாக ஒன்றுகூடப் போகவில்லை. எஸ்எம்எஸ் சேவை நிறுவனத்தின் ஏபிஐ (என் மென்பொருள் செய்தியை ஒப்படைக்கும் வழி) 'வெற்றி' என்கிறது, மெசேஜ் ஐடியும் தருகிறது. ஐந்து நிமிடம் கழித்து டெலிவரி ரிப்போர்ட்டைப் பார்த்தால் 'டெம்ப்ளேட் பொருந்தவில்லை'. ஆங்கிலம் படிக்கத் தெரியாத பெரியவர்கள், ரிப்போர்ட் வந்துவிட்டதா என்று கேட்கவே பஸ் ஏறி வந்து வெறுங்கையோடு திரும்புகிறார்கள். பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

ஹெடர் (அனுப்புநர் பெயர்), டெம்ப்ளேட் ஐடி இரண்டும் சரி. யூனிகோட் என்று குறிப்பிட்டுத்தான் அனுப்புகிறேன். ஒரே எஸ்எம்எஸ்ஸில் அடங்க 70 எழுத்துக்குள் சுருக்கி, புது டெம்ப்ளேட் பதிந்தும் பார்த்தாயிற்று. மாறும் இடத்தில் வரும் பெயர் 30 எழுத்தைத் தாண்டுவதில்லை. லிங்க் எதுவும் கிடையாது. சேவை நிறுவனத்தில் கேட்டால் 'டெம்ப்ளேட்டைச் சரிபாருங்கள்' என்ற ஒரே பதில்.

நேற்று ஒன்று கண்ணில் பட்டது. செய்தியில் 'பெற்றுக்கொள்ளவும்' என்று வருகிறது. அந்த 'கொ'வில் உள்ள உயிர்க்குறி யூனிகோடில் ஒரே குறியீடாகவும் இருக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் இருக்கலாம். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. என் டேட்டாபேஸில் இரண்டாக இருந்தது. ஒன்றாக மாற்றி அனுப்பினேன், அதுவும் அடிபட்டது.

தமிழ் டெம்ப்ளேட் ஒழுங்காகப் போகிறவர்கள், போர்ட்டலில் பதிந்த உரையும் ஏபிஐயில் அனுப்பும் உரையும் குறியீட்டளவில் ஒன்றாக இருக்க என்ன செய்கிறீர்கள்?