பழைய வைஃபை கருவி ஒன்று இருந்தால் மொத்த நெட்வொர்க்கும் படுத்துவிடுமா?

அலைவரிசை:
வைஃபை 6 ரவுட்டர் வாங்கிவிட்டு, அதிலேயே 802.11பி என்ற பழைய வைஃபை தரத்தின் காலத்துப் பிரிண்டரையும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ஸ்மார்ட் பிளக்குகளையும் சேர்ப்பது வீண். பழையது ஒன்று போதும், மொத்தத்தையும் இழுத்துப் பிடித்துவிடும். கழற்றிவிடுங்கள்.

கம்பியில்லாதவன்:
மொத்தத்தையும் என்பது தப்பு. 2.4-க்கும் 5 கிகாஹெர்ட்ஸுக்கும் ரேடியோ தனித்தனி. பிரிண்டர் 2.4-ல் என்ன கூத்தடித்தாலும் 5-ல் இருக்கும் போனுக்கு உறைக்காது.

அலைவரிசை:
சரி, 2.4-ஐ மட்டும் பேசுவோம். 1500 பைட் பாக்கெட் 54 எம்பிபிஎஸ்ஸில் கால் மில்லிசெகண்டில் போய்விடும். 1 எம்பிபிஎஸ் என்றால் 12 மில்லிசெகண்ட். அதுவரை அந்தச் சேனலில் எல்லோரும் வாய்பொத்திக் காத்திருக்க வேண்டும்.

கம்பியில்லாதவன்:
அது பேசும்போது மட்டும்தானே? பிளக் ஒரு தடவைக்கு அனுப்புவது சில நூறு பைட். பெரும்பாலானவை 'பி'-க்குப் பிந்தைய 802.11என் தரம், சிக்னல் நன்றாக இருந்தால் 72 எம்பிபிஎஸ் வரை போகும். இரண்டு சுவருக்கு அப்பால் வீடியோ பார்க்கும் புத்தம்புது போன், வேகம் இறங்கி, இதைவிட அதிக நேரம் சேனலைப் பிடித்து வைத்திருக்கும்.

அலைவரிசை:
'என்' பற்றிச் சொன்னது சரி. 'பி' சும்மா இருந்தாலே தொல்லை. அது 1999-ல் வந்தது. 2003-ல் அடுத்த தரமான 'ஜி' 2.4-க்குக் கொண்டுவந்த ஓஎஃப்டிஎம் என்ற அனுப்பும் முறை அதன் காதில் ஏறாது. ஆகவே 'பி' இணைந்திருக்கும் வரை, மற்றவை அனுப்புவதற்கு முன் அதற்குப் புரியும் வேகத்தில் சிடிஎஸ் என்ற முன்னறிவிப்பு போக வேண்டும். அனுப்பும் முன் காத்திருப்பதை அளக்கும் ஸ்லாட் நேரமும் 9 மைக்ரோசெகண்டிலிருந்து 20 ஆகும்.

பக்கத்துசேனல்:
பழையதை எல்லாம் கெஸ்ட் நெட்வொர்க்கில் போட்டால் முடிந்ததே?

அலைவரிசை:
பெயர்தான் வேறு, ரேடியோவும் சேனலும் அதேதான். கூடுதல் பெயருக்கும் ஒவ்வொரு 102.4 மில்லிசெகண்டுக்கும் ஒரு பீக்கன் (நெட்வொர்க் இருப்பதை அறிவிக்கும் சிறு செய்தி), அதுவும் குறைந்த வேகத்தில். இருக்கிற நெரிசலைக் கூட்டுகிறீர்கள்.

கம்பியில்லாதவன்:
வேகத்துக்கு உதவாது, ஆனால் இணைப்புக்கு உதவும். டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 என்ற பாதுகாப்பு முறைகள் இரண்டும் கலந்த மோடில் தடுமாறும் பழைய கருவிகள் உண்டு. அவற்றுக்கு ஏஇஎஸ் குறியாக்கம் கொண்ட டபிள்யூபிஏ2 மட்டும் உள்ள தனிப் பெயர் வையுங்கள். டிகேஐபி என்ற பழைய குறியாக்கத்தின் பக்கமே போகாதீர்கள்: 'என்' கருவிகூட அதில் 54 எம்பிபிஎஸ்ஸில் நின்றுவிடும்.
மற்றபடி 2.4-ல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ், சேனல் 1, 6, 11-ல் ஒன்று. மோடில் 'பி'-யை நீக்குங்கள். ரவுட்டர் அனுமதித்தால் 'பி'-யின் 1, 2, 5.5, 11 எம்பிபிஎஸ் வேகங்களையும் அணையுங்கள். பிரிண்டர் அதன்பின் வைஃபையில் சேராது. கேபிள் போடுங்கள்.

அலைவரிசை:
கழற்றிவிடச் சொன்னதும் இதைத்தானே ஐயா!

கம்பியில்லாதவன்:
பிளக்குகளையும் சேர்த்தல்லவா சொன்னீர்கள்?

பக்கத்துசேனல்:
பழைய மடிக்கணினி ஒன்றின் பட்டியலில் இந்த ரவுட்டரின் பெயரே வரவில்லை என்றால்?

கம்பியில்லாதவன்:
பெரும்பாலும் டிரைவர் கோளாறு. சில பழைய டிரைவர்கள் 802.11ஏஎக்ஸ் (அதாவது வைஃபை 6) பீக்கனைக் கண்டால் குழம்பும். கேபிளில் இணைத்து டிரைவரைப் புதுப்பியுங்கள். புதிய டிரைவர் இல்லையென்றால் 2.4-ல் மட்டும் ஏஎக்ஸை அணையுங்கள். 5-ல் அப்படியே இருக்கட்டும்.