மேப்பிள் சாறு, ஆர்.ஓ. மெஷின்: உங்களுக்கு நடந்தது என்ன?

பீட்டர்பரோ, ஒன்டாரியோ

போன மார்ச்சில் நடந்தது, இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. பின்வளவில் நிற்கும் சுகர் மேப்பிள் மரங்களில் வழக்கம்போலக் குழாய் அடித்துச் சாறு இறக்கினோம். இந்த முறை நேரே அடுப்பில் ஏற்றவில்லை. அழுத்தம் கூட்டும் பூஸ்டர் பம்ப் போட்ட ஆர்.ஓ.வில் விட்டுத் தண்ணீரைப் பிரித்து, 2 பிரிக்ஸில் (நூற்றுக்கு 2 பங்கு சர்க்கரை) இருந்த சாற்றை 6 வரை கொண்டுவந்து, அப்புறம்தான் காய்ச்சினோம். 86-ஐ பிரிக்ஸால் வகுத்தால் ஒரு லிட்டர் பாகுக்கு எத்தனை லிட்டர் காய்ச்ச வேண்டும் என்று வரும். 43 லிட்டர் காய்ச்ச வேண்டிய ஒரு லிட்டர் பாகு, 14 லிட்டர் சொச்சத்தைக் காய்ச்சியதிலேயே வந்துவிட்டது. நடுச்சாமம் வரை விறகு தள்ளுகிற வேலை வெயில் இறங்குவதற்குள் முடிந்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்துப் பண்ணைப் பெரியவர் வந்தார். சின்ன வயதிலிருந்தே விறகடுப்பில் பாகு காய்ச்சுகிற மனிதர். ஒரு கரண்டி கொடுத்தேன். முதலில் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். வைக்கோல் நிறம். வாயில் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். "இனிப்பு இருக்கிறது, நெருப்பு இல்லை" என்றார். கரண்டியை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. ஆர்.ஓ. உண்மையிலேயே ருசியை எடுத்துவிடுகிறதா?

பர்லிங்டன், வெர்மான்ட்

தம்பி, பெரியவர் நாக்கைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பழியை மெஷின் மேல் போடாதீர்கள். உள்ளே இருக்கும் மெம்பரேன் (சவ்வு) வழியாகப் போவது தண்ணீர் மட்டும்தான். சர்க்கரை, தாது உப்பு, ருசிக்குக் காரணமான மற்றதெல்லாம் இந்தப் பக்கமே நின்றுவிடும். சீசன் தொடக்கத்துச் சாறு என்றால் எப்படிக் காய்ச்சினாலும் வெளிறித்தான் வரும். நாள் போகப்போக, வெயில் ஏற ஏற, நுண்ணுயிர்கள் சுக்ரோஸை உடைத்து குளுக்கோஸும் ஃப்ரக்டோஸுமாக ஆக்கும். அப்போதுதான் கறுப்புப் பாகு வரும். எங்கள் பக்கம் அண்டர்ஹில்லில் இருக்கும் ப்ராக்டர் ஆராய்ச்சி மையத்தில் ஒரே சாற்றை ஆர்.ஓ.வில் விட்டும் விடாமலும் காய்ச்சி ஒப்பிட்டார்கள். ருசியில் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. என் அனுபவம் என்று தனியாக ஒன்றும் இல்லை, ஆர்.ஓ. போட்டதிலிருந்து முதுகு வலி குறைந்தது. அவ்வளவுதான்.

கான்கார்ட், நியூ ஹாம்ப்ஷயர்

அம்மா தூத்துக்குடியிலிருந்து வந்திருந்த சமயம். ஊரில் ஆர்.ஓ.வின் வேஸ்ட் லைனை பக்கெட்டில் பிடித்துப் பாத்திரம் கழுவுகிறவர். இங்கே நான் நல்ல தண்ணீரைக் கீழே விட்டுவிட்டு, வேஸ்ட் லைனில் வருவதைப் பத்திரமாகப் பிடித்து அடுப்பில் ஏற்றுகிறேன். "கழிவையாடி காய்ச்சுற?" என்று பதறிப்போய்க் கேட்டார்.

இரண்டு குழாயிலும் ஒரு மடக்குப் பிடித்துக் கொடுத்தேன். ஒன்று சப்பென்று, நாக்குக்குப் பிடிபடவே இல்லை. மற்றது லேசான தித்திப்பு, பின்னால் ஒரு மர வாசனை. அம்மா முகம் மாறியதை மறக்கவே முடியாது. "இது பதநீர்டி" என்றார். பிறந்த வீட்டில் பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றியவர் அவர். ராத்திரி பாகைச் சுவைத்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் அடுப்பில் நின்றிருக்கணும்" என்றார். வெர்மான்ட் அண்ணா, ஆராய்ச்சி மையத்தில் என்ன வந்தாலும் சரி, பீட்டர்பரோ பெரியவரும் எங்கள் அம்மாவும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறார்கள்.

சட்பரி, ஒன்டாரியோ

மைனஸ் 14 போன ராத்திரியில் கரண்ட் போய், கராஜ் ஹீட்டர் நின்றுவிட்டது. விடியற்காலையில் டப்பென்று ஒரு சத்தம். மெம்பரேன் இருந்த ஹவுசிங் (வெளிக்கூடு) நீளவாக்கில் பிளந்து, உள்ளே பனிக்கட்டி கண்ணாடிக் குழாய் மாதிரி பளபளத்தது. உறைந்த மெம்பரேன் அதோடு சரி, காப்பாற்ற வழியே இல்லை.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது நிறைய இருக்கிறது. புது மெம்பரேனில் பதப்படுத்தும் ரசாயனம் இருக்கும், தண்ணீர் விட்டு நன்றாக அலசாமல் சாற்றை விடாதீர்கள். ஓட்டி முடித்ததும் அதே மெஷினில் வந்த நல்ல தண்ணீரால் கழுவுங்கள், குளோரின் கலந்த டவுன் தண்ணீர் மெம்பரேனை அரித்துவிடும். தூசி தும்பைப் பிடிக்கும் செடிமென்ட் ஃபில்டர் போதும், கார்பன் ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள். சாற்றில் குளோரின் கிடையாது, கார்பன் சாற்றின் வாசனையைத்தான் பிடித்துக்கொள்ளும். பெட்டியில் 'நாளுக்கு 100 கேலன்' என்று போட்டிருந்தால் அது 25 டிகிரி தண்ணீருக்கு. நம் சாறு 3, 4 டிகிரியில் வரும், பாதி கிடைத்தாலே பெரிது. பம்ப் இல்லாமல் வெறும் 60 பிஎஸ்ஐ அழுத்தத்தை வைத்துக்கொண்டு 6 பிரிக்ஸ் எதிர்பார்க்காதீர்கள். அந்த அடர்த்தியில் தண்ணீரைத் திரும்ப இழுக்கும் சாற்றின் சவ்வூடு பரவல் அழுத்தமே அதே அளவுக்கு எதிர்த்து நிற்கும், ஓட்டம் நின்றுவிடும். கெட்டியான சாறு பச்சைச் சாற்றைவிடச் சீக்கிரம் புளிக்கும், அன்றைக்கே காய்ச்சிவிடுங்கள்.

ஒட்டாவா

சட்பரி அண்ணா சொன்னதெல்லாம் சரி, ஆனால் கேட்ட கேள்வி ருசியைப் பற்றி. வெர்மான்ட் அண்ணாவும் ஒன்றை விட்டுவிட்டார். சாறு தொடர்ந்து ஓடி வற்றும் பெரிய எவாபரேட்டர் வேறு, நம் தகரத் தட்டு வேறு. தட்டில் நாள் முழுக்கச் சாற்றை ஊற்றி ஊற்றிக் காய்ச்சும்போது, முதலில் ஊற்றியது கடைசி வரை நெருப்பில் கிடக்கிறது. அதனால்தான் பழைய ஆட்களின் பாகு அவ்வளவு கறுப்பு. ஆர்.ஓ. அந்த நேரத்தை வெட்டிவிடுகிறது. நாங்கள் அதனால் 4 பிரிக்ஸில் நிறுத்திவிடுகிறோம். விறகு பாதி மிச்சம், நிறமும் ஓரளவு நிற்கிறது. இங்கே அனிஷினாபே பூர்வகுடி மக்கள் சாற்றின் மேல் உறையும் பனிக்கட்டியை எடுத்து எறிந்துவிட்டுக் காய்ச்சினார்கள். தண்ணீரை முன்கூட்டியே பிரிப்பது இந்த மண்ணுக்குப் புதிதில்லை, பெரியவரிடம் சொல்லுங்கள்.

பீட்டர்பரோ, ஒன்டாரியோ

அக்கா, 4-இல் நிறுத்துகிற யோசனை பிடித்திருக்கிறது. ஒரே நாள் சாற்றை மூன்றாகப் பிரிக்கப் போகிறேன்: ஒன்று ஆர்.ஓ. தொடாதது, ஒன்று 4 வரை, ஒன்று 6 வரை. போத்தலில் ஒன்றும் எழுதாமல் பெரியவரிடம் கொடுக்கிறேன். ஏப்ரலில் வந்து சொல்கிறேன்.