ஓவியம் ஆட்சியை அசைக்குமா? பிரான்ஸை வைத்து ஒரு வழக்கு

கரிக்கோல்:
பிரெஞ்சுப் புரட்சிக்கு ஓவியர்கள்தான் வழி திறந்தார்கள் என்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. எல்லாரும் காட்டுவது ழாக் லூயி டாவிடின் 'ஹொரேஷியர்களின் சபதம்'. ரோமுக்காகப் போரிட மூன்று சகோதரர்கள் சபதம் எடுக்கும் காட்சி. 1785இல் பாரிஸின் சலோன் என்ற அரசு ஓவியக் கண்காட்சியில் வந்த படம். வரையச் சொன்னது யார்? பின்னால் அந்தப் புரட்சியில் கவிழ்ந்த மன்னர் பதினாறாம் லூயியின் அரசாங்கம்! அதில் புரட்சியைக் கண்டது பின்னால் வந்தவர்கள். அதே டாவிட் 1793இல் மன்னரின் மரண தண்டனைக்கு வாக்களித்தார். பிறகு நெப்போலியனின் முடிசூட்டு விழாவைப் பத்து மீட்டர் அகலத்துக்கு வரைந்து, விழாவுக்கே வராத நெப்போலியனின் தாயாரைப் படத்தில் உட்கார வைத்தார். இந்தக் கலையா ஆட்சியை மாற்றியது?

மீனலோசனி:
டாவிடை விடுங்கள், கேலிச்சித்திரக்காரர் தோமியேவுக்கு வாருங்கள். 1831இல் மன்னர் லூயி பிலிப்பை, ஏழைகளின் காசை விழுங்கும் பெருவயிற்று அரக்கனாக வரைந்தார். ஆறு மாதச் சிறை. 1834இல் பாரிஸின் த்ரான்ஸ்நோனான் தெருவில் படையினர் ஒரு வீட்டுக்குள் புகுந்து குடியிருந்தவர்களைக் கொன்றார்கள். அதையும் வரைந்தார். இரவு உடையோடு செத்துக் கிடக்கும் மனிதர், அவருக்கு அடியில் ஒரு குழந்தை. கொடியும் இல்லை, கோஷமும் இல்லை. பிரதிகளை அரசு பறிமுதல் செய்தது. மறு வருஷமே, படம் வெளியிட முன் அனுமதி வேண்டும் என்று சட்டம். அச்செழுத்துக்கு அப்படி இல்லை. பல்லில்லாத பாம்புக்கா இவ்வளவு பெரிய தடி?

கரிக்கோல்:
தேதியைப் பாருங்கள் அம்மா. 1835 ஜூலையில் ஃபியெஸ்கி என்பவன் துப்பாக்கிக் குழல்களை வரிசையாகக் கட்டி மன்னரைச் சுட்டான். செப்டம்பரில் சட்டம் வந்தது. பயம் துப்பாக்கிக்கு, பழி படத்துக்கு. அதன் பிறகும் மன்னர் 1848 வரை ஆண்டார். அவரைக் கவிழ்த்ததில் விளைச்சல் பொய்த்ததற்கும் ரொட்டி விலைக்கும் பங்குண்டு. தோமியேவுக்கு என்ன பங்கு?

பழைய பேப்பர்:
நடுவில் ஒரு வார்த்தை. ஓவியர் தெலக்ரூவாவின் 'மக்களை வழிநடத்தும் சுதந்திரம்' 1830 ஜூலைப் புரட்சியைப் பாடிய படம். அந்தப் புரட்சியால் அரியணை ஏறிய லூயி பிலிப்பின் அரசே 3000 பிராங்குக்கு வாங்கியது. கொஞ்ச காலத்தில் தூக்கி ஒளித்தும் வைத்தது! தெலக்ரூவா தடுப்பரணில் நின்று சண்டை போட்டவரும் இல்லை. படத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை, வெளியே தெருதான் மாறியிருந்தது.

மீனலோசனி:
கரிக்கோல் சார், எண்ணெய் ஓவியத்தையும் கல்லச்சுப் படத்தையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். டாவிடின் படம் ஒன்றே ஒன்று. தோமியேவின் படம் கல்லிலிருந்து பிரதி பிரதியாக இறங்கும். கடை ஜன்னலில் தொங்கும். எழுத்தறியாதவரும் நின்று பார்ப்பார். ரொட்டி விலை ஏறினால் கோபம் வரும், சரி. ஆனால் யார் மேல் கோபப்படுவது? அந்த முகத்தைக் காட்டியது படம்தான். ஃபிலிப்போன் என்ற கேலிச்சித்திரக்காரர் மன்னர் தலையைப் பேரிக்காயாக வரைந்த பிறகு பாரிஸ் சுவரெல்லாம் பேரிக்காய்க் கிறுக்கல்.

கரிக்கோல்:
முகம் காட்டியது, ஒப்புக்கொள்கிறேன். கவிழ்த்தது என்பதற்கு இன்னும் சாட்சி வரவில்லை.

பழைய பேப்பர்:
ஓவியர் கூர்பேயைக் கூப்பிடட்டுமா? 1871இல் புரட்சியாளர்கள் சில வாரம் நகரை ஆண்ட பாரிஸ் கம்யூனில், நெப்போலியனின் வெற்றிச் சின்னமான வான்தோம் தூணைச் சாய்த்ததற்கு, திரும்பக் கட்டும் செலவு மூன்று லட்சம் பிராங்குக்கு மேல் அவர் தலையில் விழுந்தது. சுவிட்சர்லாந்தில் தஞ்சம் புகுந்து அங்கேயே செத்தார்.

கரிக்கோல்:
அது கம்யூன் பொறுப்பாளர் கூர்பே மேல் வந்த வழக்கு. அவர் வரைந்த எந்தப் படத்துக்கு அந்த பில் வந்தது என்று சொல்லுங்கள், பேசுவோம்.